பன்னிரண்டு மணிக்குக் காலியான கோட்டை

முதலில் ஒரு மன்னிப்பு.

போரைப் பற்றி எழுத எனக்கு ஒரு தகுதியும் இல்லை. ஓ.எல். பரீட்சை வரை படித்தேன், வரலாற்றுப் பாடத்தில் தவறினேன். வாளைத் தொட்டதில்லை, தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியைத்தான் தொட்டிருக்கிறேன். குதிரையை நுவரெலியாவில் ஒரே ஒரு முறை கிட்டத்தில் பார்த்தேன். அது என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இது போதாதென்று இன்னொன்றும் இருக்கிறது. இந்த நாட்டில் போர் என்ற சொல்லை விளையாட்டுக்கு எடுக்கலாமா? நீங்கள் கேட்பதற்கு முன்னால் என்னிடம் அதை ஒருவர் கேட்டுவிட்டார். நேரடியாகக் கேட்கவில்லை, வேறு மாதிரி கேட்டார். அவரிடம் பிறகு வருகிறேன்.

ஆனாலும் எழுதுகிறேன். ஏனென்றால் போன ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு பெரும் போரை நடத்தினேன். ஆயிரம் பேர் மோத வேண்டிய போர். ஒரு மாதம் தயார் செய்தது. இருபது நிமிடத்தில் முடிந்துபோனது... ஒருவரும் வாளை வீசவில்லை.

வாராவாரம் இந்தப் பத்திரிகை மூலையில் என்னைச் சகித்துக்கொள்ளும் உங்களுக்கு நான் யாரென்று தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கங்காணி. கொழுந்து பறிக்கும் இருபத்தெட்டுப் பெண்களுக்குப் பொறுப்பு. கங்காணி என்றால் குரல் வேண்டும். மலையின் இந்தக் கரையில் நின்று அதட்டினால் அந்தக் கரையில் கேட்க வேண்டும். நான் அதட்டினால் இருமல் மாதிரிக் கேட்கும். பெண்கள் திரும்பிப் பார்த்து, "என்னண்ணே, தண்ணி வேணுமா?" என்பார்கள்.

இப்படிப்பட்டவன் எப்படிப் படை நடத்த வந்தான்?

எல்லாம் என் மச்சானால் வந்தது. அவர் எல்லவில் ஒரு சின்ன விடுதியில் வேலை செய்கிறார். அங்கே தங்கிய வெள்ளைக்காரர் ஒருவர் ஒரு பையை மறந்துவிட்டுப் போனார். ஒரு வருடம் வைத்திருந்தும் யாரும் தேடி வரவில்லை. முதலாளி மச்சானிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். பைக்குள் ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகம். ஒரு வெல்வெட் சுருக்குப் பை. அதற்குள் நீலம், சிவப்பு, பச்சை என்று பட்டை தீட்டிய ஏழு கற்கள்.

மச்சான் அன்றிரவு தூங்கவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு பதுளையில் மாணிக்கக்கல் பார்க்கும் ஒருவரிடம் ஓடினார். அவர் கண்ணில் லென்ஸை மாட்டி ஒவ்வொன்றாக நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாராம்:

"தம்பி, இதுல நம்பர் போட்டிருக்கே."

அவை தாயக்கட்டைகள். நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் உள்ள கட்டைகள். மச்சான் மனமுடைந்து அந்தப் பையை என் வீட்டில் கொண்டுவந்து போட்டார்.

தோட்டப் பாடசாலை சிவகாமி டீச்சர்தான் புத்தகத்தைப் படித்துச் சொன்னார். அது ஒரு விளையாட்டு. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக இருப்பார்கள். கதைக்காரர் "எதிரே ஒரு பாலம், பாலத்தில் ஓர் அரக்கன்" என்பார். மற்றவர்கள் "நான் ஆற்றில் குதிக்கிறேன்", "நான் அரக்கனிடம் வழி கேட்கிறேன்" என்பார்கள். நடக்குமா நடக்காதா என்று தெரியாத இடத்தில் கட்டையை உருட்டுவார்கள். அவ்வளவுதான்.

கதைக்காரர் யார்? டீச்சர் என்னைக் கை காட்டினார். "நீங்க அதிகம் பேச மாட்டீங்க கங்காணி. அதனால கேக்குற மாதிரி இருக்கும்" என்றார். இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு ஒன்றரை வருடம் ஆகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானம் ஒரு மணியிலிருந்து நாலரை வரை. இடம் பிள்ளைக்காம்பரா. அம்மாமார் மலைக்குப் போனதும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்தக் கட்டடம் ஞாயிறன்று சும்மாதானே கிடக்கும். நாற்காலிகள் மூன்று வயசுப் பிள்ளைகளுக்குச் செய்தவை. உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கும். உலகில் எந்தப் படைத்தளபதியும் இவ்வளவு குனிந்து போர் ஆலோசனை நடத்தியிருக்க மாட்டான்.

ஆட்டக்காரர் மூன்று பேர். டீச்சர் மந்திரவாதி. என் கூட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஜெயந்தி, நாச்சி என்ற படைத்தலைவி. த்ரீவீலர் ஓட்டும் ராசையா அண்ணன் சமையல்காரர்.

ஆமாம், சமையல்காரர். ராசையா அண்ணன் வாலிப வயதில் அப்பா, அம்மா, தம்பிமாரோடு வன்னிப் பக்கம் குடியேறப் போனவர். எல்லாம் முடிந்த பிறகு மனைவியோடு மட்டும் திரும்பி வந்தார். நாங்கள் ஒன்றும் கேட்பதில்லை. முதல் நாளே அவர் சொல்லிவிட்டார்: "சண்டைன்னா நான் வரல தம்பி. சோறாக்குறதுன்னா வாறேன்."

எங்கள் கதை எளிமையானது. கல்வாசல் கோட்டையின் மன்னன் நாச்சியின் ஊரையே பிடித்துக்கொண்டு போய் அடைத்துவிட்டான். நாச்சியின் தங்கையும் உள்ளே. மீட்க வேண்டும். காடு மேடெல்லாம் சுற்றி, ஆள் சேர்த்து, கோட்டை வாசலுக்கு வந்து சேர்வதற்கே ஒரு வருடம் ஆகிவிட்டது. இனிப் போர்தான்.

எங்கள் படை நானூறு. வெலிமடை போஞ்சி விதைகள். எதிரிப் படை அறுநூறு. தேயிலைக் கொட்டைகள். தையல் பிரித்த கொழுந்துச் சாக்கு ஒன்றை விரித்தால் போர்க்களம்.

மூன்று நாலு பேர் சண்டையை நடத்துவது ஒரு வித்தை. ஆயிரம் பேர் சண்டையை நடத்துவது வேறு வித்தை. எனக்கு அது தெரியாது. நான் நேர்மையானவன் என்று ஒரு நினைப்பு வேறு. ஆயிரம் பேருக்கும் தனித்தனியாகக் கட்டை உருட்டினேன்.

மூன்று ஞாயிறு உருட்டினேன். மணிக்கட்டு வீங்கியது. மூன்றாவது ஞாயிறு முடிவில் டீச்சர் கணக்குப் பார்த்துச் சொன்னார்: "கங்காணி, கதையில இன்னும் அரை நிமிஷம்கூட ஆகல."

ராசையா அண்ணன் குழந்தைகளின் பாயில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சமையல்காரருக்கு என்ன அவசரம்?

இதற்கிடையில் ஒரு வார நாளில் எலி வந்து போஞ்சிப் படையில் முப்பத்தாறு பேரைத் தின்றுவிட்டது. மூன்று வாரத்தில் நான் உருட்டிய கட்டைகளால் விழுந்தவர்கள் பதினொரு பேர். எலி என்னைவிடத் திறமையாகப் போர் நடத்தியது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

விதைகளை மறுபடி நிரப்பிவிட்டு, புத்தகத்தில் உள்ள இன்னொரு வழிக்கு மாறினேன். நாற்பது பேரை ஒரு கூட்டமாக வைத்துக்கொண்டு, ஒரு கூட்டத்துக்கு ஒரே உருட்டு. அருமையான வேகம். முதல் உருட்டிலேயே எங்கள் பக்கம் ஒரு கூட்டம் போனது. "நாற்பது பேர் விழுந்தார்கள்" என்று சொல்லிவிட்டு, உள்ளங்கையால் நாற்பது போஞ்சி விதையையும் ஒரே வழிப்பாக வழித்துப் பால்மா டின்னுக்குள் போட்டேன். சரசரவென்று சத்தம். உண்மையைச் சொன்னால் அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

ராசையா அண்ணன் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தார்.

"எந்த நாப்பது பேரு?"

"அண்ணே, இது சும்மா போஞ்சி விதை..."

"தெரியுது தம்பி. எந்த நாப்பதுன்னுதான் கேட்டேன்."

கோபமாகக் கேட்கவில்லை. கடையில் எந்த அரிசி என்று கேட்பது போலத்தான் கேட்டார். நான் டின்னை மூடி வைத்தேன். அன்று மூன்று மணிக்கே கலைந்துவிட்டோம்.

அந்த வாரம் முழுவதும் அந்தக் கேள்வி என் காதில் இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே தீர்வைச் செய்தேன். மொனிட்டர் கொப்பி என்ற பெரிய நோட்டு ஒன்று வாங்கி, நானூறு பேருக்கும் பேர் எழுதினேன். கோயில் நன்கொடைப் பலகையில் இருந்து ஒரு நூறு. பஸ் டிரைவர்கள், கண்டக்டர்கள். பக்கத்துத் தோட்டத்துக் கிரிக்கெட் டீம். கடைசி இருபது பேருக்குப் பேர் கிடைக்கவில்லை; வெலிமடை மரக்கறி லொறி ஒன்று கண்ணில் பட்டது. ஆகவே எங்கள் படையில் கரட் என்று ஒரு வில்லாளியும் லீக்ஸ் என்று ஓர் ஈட்டிக்காரனும் உண்டு. லீக்ஸ் பிறகு எல்லோருக்கும் செல்லமாகிவிட்டான். அவன் பக்கம் ஓர் அம்பு வந்தாலும் டீச்சர் தன் மந்திரத்தைச் செலவழித்துவிடுவார்.

பேர் வந்ததும் வரிசை வந்தது. வரிசை வந்ததும் நான் பிழைத்தேன். பின்னே? இருபத்தொரு வருடமாகக் காலையில் பெரட்டுக்களத்தில் நின்று பேர் வாசித்து, யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புகிறவன் நான். நாற்பது பேருக்கு ஒரு கங்காணி, பத்துக் கங்காணிமார், காலையில் பேர் வாசிப்பு... படை ஓடத் தொடங்கியது. ஆட்டக்காரர் ஒவ்வொருவர் கையிலும் ஒரே ஒரு கூட்டத்தைக் கொடுத்து, ஒரே ஒரு வேலையைக் கொடுத்தேன். இந்தப் பாலம் உங்களுடையது. இந்தக் காயக்காரர்கள் உங்களுடையவர்கள். மற்ற ஏழு கூட்டமும் மேட்டுக்கு அந்தப் பக்கம் பெய்யும் மழை மாதிரி. சத்தம் கேட்கும், அவ்வப்போது ஒருவன் நனைந்து ஓடி வந்து செய்தி சொல்வான். அவ்வளவுதான். கட்டை உருட்டல் பாதிக்கு மேல் குறைந்தது. யாரும் தூங்கவில்லை.

இப்படி நாலு போர் நடத்தினேன். நாலும் நன்றாகவே நடந்தன. எனக்குக் கர்வம் வந்துவிட்டது. கூச்சக்காரனுக்குக் கர்வம் வந்தால் வெளியே தெரியாது... அதனால் யாரும் அதைத் தட்டி வைக்கவும் மாட்டார்கள்.

போன மாதம் ஒரு நாள். மலையில் பத்து மணித் தேத்தண்ணி நேரம். ஜெயந்தி கூடையை இறக்கிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, விசா வந்திருச்சு."

ஜோர்தானில் ஒரு தையல் பக்டரி. மூன்று வருட ஒப்பந்தம். மகளுக்கு எட்டு வயது. ஜெயந்தியின் அம்மாவோடு லயத்து வீட்டில் இருக்கப்போகிறாள். எல்லாம் எனக்கு ஏற்கனவே தெரியும். தேதிதான் தெரியாமல் இருந்தது.

"எப்போ?"

"அடுத்த மாசம் ரெண்டாவது திங்கக்கெழம. காலையில அஞ்சரை பஸ்ஸு." தேத்தண்ணியை ஊதினார். "கோட்டைய என்ன பண்றது?"

"என்ன பண்றது?"

"நான் பாதியில விட்டுட்டுப் போக மாட்டேன். நாச்சியோட தங்கச்சி உள்ள இருக்கா. அவள வெளிய எடுக்காம நான் பிளேன்ல ஏறி உக்காந்தேன்னா மனசு அங்கயேதான் நிக்கும்."

"அதுக்குள்ள முடிச்சிருவோம்" என்றேன்.

"நீங்க சொல்றீங்க. அரை நிமிஷத்துக்கு மூணு ஞாயித்துக்கெழம எடுத்த ஆளு."

சத்தியம் செய்யாத குறையாக வாக்குக் கொடுத்தேன். அவர் போவதற்கு முந்தைய ஞாயிறு கடைசிப் போர். கோட்டை திறக்கும், அல்லது திறக்காது. ஆனால் முடிவு வரும்.

பிறகு நான் செய்ததையெல்லாம் எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். பிஸ்கட் பெட்டியை வெட்டிக் கோட்டை கட்டினேன். மதிலுக்குச் சாம்பல் பூசினேன். போரை ஐந்து கட்டமாகப் பிரித்து எழுதினேன். மன்னன் சரணடையும்போது பேசுவதற்கு மூன்று பக்க வசனம் எழுதி, மாட்டுப்பட்டியில் ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சொல்லிப் பழகினேன். மாடுகள் கடைசிவரை கேட்டன. கட்டிப் போட்டிருந்ததால் என்று நினைக்கிறேன்.

போன ஞாயிறு. ஒரு மணி. மூன்று பேரும் வந்துவிட்டார்கள். கோட்டையைப் பார்த்து டீச்சர், "மாரி பிஸ்கட்டா?" என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன்.

"காலை எட்டரை மணி. பனி விலகுகிறது. இரண்டு படைகளும்..."

"அண்ணே" என்றார் ஜெயந்தி. "எட்டரைக்கு நாங்க ஒண்ணும் பண்ணல. பத்தைக் காட்டுக்குள்ள ஒளிஞ்சு ஒக்காந்திருக்கோம்."

"எதிரி தாக்குவானே."

"தாக்கட்டும். ஓடிருவோம். பத்து மணி வரைக்கும்தானே."

"ஏன் பத்து மணி?"

ஜெயந்தி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தன் கொப்பியைத் திறந்தார். அவர் ஒவ்வொரு வாரமும் நடந்ததை எழுதி வைக்கிறவர் என்பது எனக்குத் தெரியும். அதை அவர் திரும்பப் படிக்கிறவர் என்பது தெரியாது.

"முதல் போர்" என்று வாசித்தார். "'பத்து மணிக்கு இரு படைகளும் பின்வாங்கி இளைப்பாறின.' ரெண்டாவது போர். பத்து மணி, இளைப்பாறின. மூணாவது, நாலாவது, அப்படித்தான். இனிக் கேளுங்க. 'மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் காவலர் உட்பட அனைவரும் கோட்டையை விட்டு இறங்கிச் சாலையோரம் கூடினர்.' நாலு போர்லயும் இருக்கு கங்காணி. நாலு போரும் சரியா நாலரைக்கு ஓயுது."

"எதுக்குண்ணே பன்னண்டு மணிக்கு ரோட்டுக்கு எறங்குறாங்க?" ஜெயந்தி கேட்டார்.

நான் என் ஐந்து கட்டத் திட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன்.

"நிறுக்கத்தான்" என்றார் ராசையா அண்ணன்.

"என்னத்த நிறுக்க? வாளையா?" ஜெயந்தி விடவில்லை.

யோசித்துப் பார்த்தேன். பத்து மணிக்குத் தேத்தண்ணி. பன்னிரண்டுக்குக் கொழுந்தை ரோட்டுக்கு இறக்கி நிறுவை. நாலரைக்குக் கடைசி நிறுவை, வீடு. இருபத்தொரு வருடமாக என் உடம்பில் ஓடும் மணிக்கூடு அது. ஒரு நாளை அப்படித்தான் எனக்கு எண்ணத் தெரியும். என் மன்னர்கள், தளபதிகள், மாயக் குதிரைகள் எல்லாம் தோட்ட நேரத்துக்கே வேலை செய்திருக்கின்றன. இரண்டாம் போரில் வந்த பறக்கும் நாகம்கூட நாலரைக்கு மேல் ஒரு பொறி நெருப்புக் கக்கவில்லை. நாலு போரிலும் பிசகாமல் இதைச் செய்திருக்கிறேன், ஒரு முறைகூட எனக்குத் தோன்றவில்லை.

"எப்ப கண்டுபிடிச்சீங்க?"

"ரெண்டாவது போர்லயே" என்றார் ஜெயந்தி. "சொன்னா மாத்திருவீங்கன்னு வச்சிருந்தோம்."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கதைக்காரன் நினைத்தால் எதையும் மாற்றலாம். "இன்றைக்குக் காவலர்கள் இறங்கவில்லை" என்று ஒரு வரி சொன்னால் போதும். யாரும் எதிர்த்துப் பேச முடியாது. சட்டைப் பையில் மூன்று பக்க வசனம். எதிரே சாம்பல் பூசிய மதில். ஐந்து கட்டப் போர். அந்த ஒரு வரி என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

ஜெயந்தி சிரிக்கவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு அந்தக் குட்டி நாற்காலியில் இருந்தார். விரல் நுனியில் கொழுந்துக் கறை. நாளையிலிருந்து அது மங்கத் தொடங்கும்.

"எனக்கு இன்னைக்கு மட்டுந்தாண்ணே இருக்கு" என்றார்.

"பன்னிரண்டு மணி ஆகிறது" என்றேன் நான். "எல்லோரும் இறங்குகிறார்கள்."

அறுநூறு தேயிலைக் கொட்டையையும் இரண்டு கையாலும் தள்ளிச் சாக்கின் ஓரத்துக்குக் கொண்டுபோனேன். ஆனாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே. "ஒரு உருட்டு மட்டும்" என்றேன். "ஒன்று விழுந்தால் யாரோ ஒருவன் போகாமல் நின்றிருக்கிறான் என்று அர்த்தம்."

ஜெயந்தி இருபது முகக் கட்டையை உருட்டினார். அது உருண்டு பால்மா அலுமாரிக்கு அடியில் போய்விட்டது. ராசையா அண்ணன் தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்தார்.

"ஒண்ணு."

"சரியாப் பாருங்கண்ணே" என்றேன் நான்.

"ஒண்ணுதான் தம்பி. சந்தோஷமா?"

ஒரு தேயிலைக் கொட்டையை எடுத்து வாசலில் வைத்தேன். ஒரே ஒரு காவல்காரன். கையில் ஈட்டி. நாச்சி அவன் முன்னால் நிற்கிறாள். பின்னால் நானூறு பேர். இதற்குக் கட்டையே தேவையில்லை.

"அவன் பேரு என்ன?" என்றார் ஜெயந்தி.

மொனிட்டர் கொப்பியைப் புரட்டினேன். புரட்டும்போதே தெரியும். அதில் நானூறு பேர்தான் இருக்கிறார்கள். எதிரிக்கு நான் பேர் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை. மூன்று பேரும் காத்திருந்தார்கள். அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"பெருமாள்."

அது என் பேர்.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். ராசையா அண்ணன் மட்டும் சிரிக்காமல் கேட்டார்: "அவன் ஏன் மத்தவங்களோட போகல?"

"கூப்பிட்டது கேட்டிருக்காது" என்றேன்.

"இல்ல" என்றார் ஜெயந்தி. "கூட்டத்துல போய் நிக்கக் கூச்சமா இருந்திருக்கும். சாவி அவங்கிட்டயா இருக்கு?"

"இருக்கும்."

"கேட்டா தொறப்பானா?"

அவனை எனக்கு நன்றாகத் தெரியும்.

"தண்ணி வேணுமான்னு கேட்டுட்டுத் தொறப்பான்" என்றேன்.

அப்படித்தான் கல்வாசல் கோட்டை விழுந்தது. சுவரில் மணி ஒன்று இருபது. நாச்சி உள்ளே போனாள். அறை அறையாகத் திறந்தாள். கடைசி அறையில் தங்கை இருந்தாள். நான் அந்த இடத்துக்கும் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன், அழுகை, கட்டிப்பிடிப்பு எல்லாம் போட்டு. ஜெயந்தி அதற்கு இடம் கொடுக்கவில்லை. "எந்திரி. சாப்புட்டியா?" என்றார். அவ்வளவுதான். பிறகு கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்களும் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே ஒன்றும் இல்லை, சவுக்கு மரம்தான்.

எனக்கு ஒரு நப்பாசை. "அறுநூறு பேர் திரும்பி வருகிறார்கள்" என்றேன். "வாசல் மூடியிருக்கிறது. வாளை உருவுகிறார்கள்." இதோ, என் போர். தாமதமாக வந்தாலும் வந்துவிட்டது.

"அவங்க சாப்புட்டாங்களா?" ராசையா அண்ணன்.

"யாரு?"

"அறுநூறு பேரு. மத்தியான நேரம். சாப்புட்டாங்களா இல்லையா?"

"சாப்பாடு... கோட்டைக்குள்ளதான் இருக்கு."

"அப்ப பெரிய அண்டாவ ஏத்துவோம்" என்றார் அவர். ஒன்றரை வருடமாக இந்த நிமிடத்துக்குக் காத்திருந்தவர் மாதிரி சட்டைக் கையை மடித்தார். "பருப்பு, கத்தரிக்கா, கருவாடு. வாசல்ல ஒரு மேச போடுங்க. ஒவ்வொருத்தனா வரட்டும். வாள அங்க வைக்கட்டும். பேரச் சொல்லட்டும். பேரு சொன்னவனுக்குச் சோறு."

அன்று மீதியிருந்த மூன்று மணி நேரமும் நாங்கள் சோறு போட்டோம். நான் ஒரு தேயிலைக் கொட்டையை எடுத்து வைப்பேன். யாராவது அவனுக்கு ஒரு பேர் சொல்வார்கள். டீச்சர் எழுதுவார். எழுத என் மொனிட்டர் கொப்பியில் இடம் போதவில்லை. சட்டைப் பையிலிருந்த மூன்று பக்க வசனத்தை வாங்கிப் பின்பக்கத்தில் எழுதினார். சில பேர்களை ராசையா அண்ணன் தயங்காமல் சொன்னார், ஒன்றன் பின் ஒன்றாக, அடுத்தடுத்த வீட்டில் இருப்பவர்களைச் சொல்வது போல. அவை யாருடைய பேர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. டீச்சர் எழுத்தை மட்டும் திருத்தமாக எழுதினார்.

நடுவில் எதிரித் தளபதி வந்தான். அவனுக்கும் ஏதாவது வசனம் வேண்டுமே என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எங்களுக்கும் இருக்கா?" என்றேன்.

அன்று முழுவதும் என் போரில் பேசப்பட்ட ஒரே வீர வசனம் அதுதான்.

இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வரை வந்தோம். மீதிப் பேர் இன்னும் வரிசையில் நிற்கிறார்கள். இதை வாசிக்கும் யாராவது இப்படிப் போர் நடத்த ஆசைப்பட்டால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். படையை எண்ணாதீர்கள், எலி உங்களைவிட வேகமாக எண்ணும். ஆளுக்கு ஒரு பாலத்தைக் கொடுங்கள். எதிரிக்கும் முன்கூட்டியே பேர் எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் உங்கள் பேரைக் கொடுக்க வேண்டிவரும். அப்புறம், உங்கள் ஐந்து கட்டத் திட்டத்தை ரொம்ப நேசிக்காதீர்கள். நாம் எதைத் தெரியாமல் செய்கிறோமோ, அதை மற்றவர்கள் இரண்டாவது போரிலேயே கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நாலரை ஆனது. வழக்கம் போலப் போர் ஓய்ந்தது. ஜெயந்திக்குப் பெட்டி கட்ட வேண்டும்.

எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, மொனிட்டர் கொப்பியை எடுத்துப் புரட்டினார். முதல் பக்கத்தில் முதல் வரி நாச்சி.

"அண்ணே, நாளைக்கு ஆபீஸ்ல செக்ரோல்ல என் பேர வெட்டிருவாங்கல்ல?"

"வெட்டுவாங்க. ஆள் போனா வேலைப் பதிவுல வெட்டுறதுதான்."

"இதுல வெட்டாதீங்க."

சரி என்றேன். வேறு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக வந்தது. மாட்டுப்பட்டியில் நின்று அதில் பாதியைச் சொல்லியும் பார்த்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. மழை இல்லை. பெரட்டில் இருபத்தேழு பேர். ஆபீஸ் கிளாக்கர் செக்ரோலில் சிவப்பு மையால் ஒரு பேரை வெட்டினார். பன்னிரண்டு மணிக்குக் கொழுந்தை ரோட்டுக்கு இறக்கினோம்.